கிரீஸ் அடிச்சு அனுப்பு

அந்த லோரியைக் கடைசியாகத் தொட்ட கை என்னுடையதுதான். நான் மறுக்கவில்லை. கடைசியாகத் தொட்டவன் தலையில் பழியைக் கட்டலாம் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது, அதை மட்டும் யாராவது எனக்குக் காட்டுங்கள்.

கிள்ளான் வட்டாரத்தில் லோரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தே தலை நரைத்தவன் நான். காப்பார் சாலை, மேரு, பண்டமாரான் என்று எந்தப் பக்கம் போய்க் கேட்டாலும் என் முதுகு பட்ட அட்டைப் பெட்டி ஒன்று ஏதோ ஒரு பட்டறை மூலையில் கிடக்கும். எஞ்சின் பார்க்கும் பொமன் வேறு, வயரிங்காரன் வேறு. நான் ‘கீழ்’ பார்க்கிறவன். டிரைவர் கையில் பிடிக்கிற ஸ்டியரிங்கிலிருந்து ரோட்டில் உருளுகிற டயர் வரைக்கும் நடுவில் இருக்கிற அத்தனையும் என் பாடு. கிங்பின், டை ராட், டிராக் லிங்க், ஸ்டியரிங் பாக்ஸ், ஹப், பேரிங், ஸ்டட், நட். பெயிண்ட் அடித்தவன் வேலையை எல்லாரும் பார்ப்பார்கள். என் வேலை ஒழுங்காக இருந்தால் அது யார் கண்ணிலும் படாது.

அது ஒரு கல் லோரி. பத்துச் சக்கரம். அதை ஓட்டிய பையனைவிட அதற்கு வயது கூட. எத்தனை கைமாறி அந்த முதலாளியிடம் வந்ததோ தெரியாது. சேஸ் ஒரு வண்டியுடையது, முன் ஆக்சில் இன்னொரு வண்டியுடையது. ஜப்பானில் கழித்துக் கட்டியதை உதிரியாக இறக்கி இங்கே முழு லோரியாக்கி ஓட்டுவது நம் நாட்டில் புதிதல்ல. பழைய லோரியை நான் குறை சொல்ல மாட்டேன். ஒழுங்காகப் பார்த்தால் பழைய ஹினோவும் நிசான் டீசலும் புதுசை விழுங்கிவிடும். பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பிரேக் லைனிங் மாற்ற வந்தது. சக்கரத்தைத் தூக்கினால் நான் லைனிங்கோடு நிற்க மாட்டேன். சக்கரத்தை ஆட்டிப் பார்க்காமல் இறக்க என் கைக்கு வராது. ஆட்டினேன். ஆடியது.

எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். அது தெரிந்தால்தான் எனக்கு நடந்தது என்னவென்று உங்களுக்குப் புரியும். சமதளத்தில் வண்டியை நிறுத்திப் பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். முன் ஆக்சிலுக்கு அடியில் ஜேக் வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைக்க வேண்டும். (ஜேக்கை மட்டும் நம்பி உள்ளே நுழைந்தவர்களின் கதை இந்தத் தொழிலில் நிறைய உண்டு. அது வேறு குமுறல்.) டயரின் தலையில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து உள்ளே தள்ளி வெளியே இழுக்க வேண்டும். ‘டொக்’ என்றால் இரண்டில் ஒன்று. ஹப் பேரிங் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் கிங்பின் தேய்ந்திருக்கும். கிங்பின் என்பது கைக்கு அடக்கமான ஓர் உருக்குத் தண்டு. கதவுக்குக் கீல் மாதிரி, முன் சக்கரம் திரும்புவதே அதைப் பிடித்துக்கொண்டுதான். எது போயிருக்கிறது என்று பிரித்துப் பார்க்க, மேலே ஒருவரை உட்கார வைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்ல வேண்டும். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். பிடித்த பிறகும் ஆடினால் கிங்பின்.

அன்றைக்கு பிரேக்கை மிதித்தவன் அந்தப் பையனே. காப்பார்க்காரன். “மிதிச்சிட்டேன்ணே” என்றான். நான் ஆட்டினேன். ‘டொக்’. இடது பக்கம், வலது பக்கம், இரண்டும். அவனையே இறங்கி வந்து பிடித்துப் பார்க்கச் சொன்னேன். பிடித்தான். “இதான்ணே லோடோட போனா இடது பக்கமா இழுக்குது” என்றான்.

சக்கரத்தைத் தரையில் இறக்கி, அவனை மறுபடி ஏற்றி ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டச் சொன்னேன். நான் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்தேன். டிராக் லிங்க் என்பது ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகிற தடி. அதன் நுனியில் ஒரு குண்டு, குண்டைப் பிடிக்க ஒரு குழி, மேலே ஒரு ரப்பர் உறை. உறை கிழிந்தால் மழைத் தண்ணீரும் மணலும் உள்ளே போகும். கிரீஸ் கரைந்து, குண்டும் குழியும் ஒன்றையொன்று தின்னும். இந்த வண்டியில் உறை கிழிந்து எத்தனை மாதம் ஆனதோ, உள்ளே செந்துரு. குண்டு என் விரலுக்கு அடியில் துள்ளியது. நட் கழலாமல் இருக்கப் போடுகிற ஸ்பிளிட் பின் இருக்க வேண்டிய ஓட்டையில் யாரோ கட்டுக்கம்பியை முறுக்கி விட்டிருந்தார்கள். கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நல்ல பின் ஒன்றைப் போட்டேன். அது என் சட்டைப்பையில் இருந்தது. அதற்கு பில் கிடையாது.

முதலாளிக்கு போன் போட்டேன். தமிழர்தான். கிள்ளானில் பேர் சொன்னால் தெரியும், நான் சொல்லப்போவதில்லை. “முதலாளி, கிங்பின் ரெண்டும் போச்சு. டிராக் லிங்க் எண்ட் கழன்டு வரும் நெலமைல இருக்கு. வண்டிய விட முடியாது” என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “காலைல லோடு இருக்குயா. கிரீஸ் அடிச்சு அனுப்பு. அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்றார்.

கிரீஸ் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். பழைய லோரி வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். தேய்ந்த புஷ்ஷுக்குள் புதுக் கிரீஸை ஏற்றினால் இடைவெளி நிரம்பி ஆட்டம் ஒளிந்துகொள்ளும். இரண்டு மூன்று லோடுக்கு ஸ்டியரிங் பூப்போல இருக்கும். அதனால்தான் விவரம் தெரிந்தவன் கிரீஸ் அடிப்பதற்கு முன்னால் ஆட்டிப் பார்ப்பான். விவரம் தெரிந்த முதலாளி சோதனைக்கு முன்னால் கிரீஸ் அடிக்கச் சொல்வார்.

நான் மஞ்சள் வேலைத்தாளை எடுத்துப் பெரிய எழுத்தில் மலாயில் எழுதினேன்: கிங்பின் கிரி கானான் ஹாவுஸ், டிராக் லிங்க் எண்ட் லொங்கார், திடாக் செலாமாட். இரண்டு கிங்பின்னும் தேய்ந்துவிட்டது, டிராக் லிங்க் நுனி தளர்ந்துவிட்டது, பாதுகாப்பில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பட்டறையை நடத்துகிற தவுக்கேயிடம் கொடுத்தேன். தவுக்கே நல்ல மனுசன். ஆனால் அந்த முதலாளியின் வண்டிகள் எல்லாம் அவரிடம்தான் வருகின்றன. தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லாச்சியில் போட்டார். காலையில் லோரி போய்விட்டது.

பிறகு நடந்ததை நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஈஜோக் பக்கம் ஒரு வளைவு. லோடோடு இருந்தது. குண்டு குழியை விட்டுக் கழன்றது. ஸ்டியரிங் கையில் சும்மா சுற்றியது, சக்கரம் தன் பாட்டுக்குப் போனது. எதிரே வண்டி இல்லாதது யார் செய்த புண்ணியமோ. மரத்தில் மோதிக் கால்வாயில் இறங்கியது. பையனுக்கு வலது கால் முட்டிக்குக் கீழே இல்லை.

மூன்றாம் நாள் முதலாளி பட்டறைக்கு வந்தார். தாள் தேடப்பட்டது. லாச்சியில் ஒரு தாள் இருந்தது. அதில் ‘பிரேக் லைனிங், கிரீஸ்’ என்று மட்டும் இருந்தது. எழுத்து என்னுடையது இல்லை. பொமன் முழுசாகப் பார்த்துச் சரி என்று சொல்லித்தான் வண்டியை எடுத்தோம் என்று வாக்குமூலம். பையன் ஆஸ்பத்திரியில் மயக்கம் சரியாகத் தெளியாமல் கிடக்கும்போதே, வண்டியில் ஒரு கோளாறும் தெரியவில்லை என்று ஒரு கடிதத்தில் அவனிடம் கையெழுத்து வாங்கியாயிற்று. பிரேக்கை மிதித்தவன் அவன். கையால் பிடித்துப் பார்த்தவன் அவன். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. செலவுக்குக் காசு வேண்டும், தங்கச்சி படிக்கிறாள், அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறார். அவர்கள் நீட்டிய பேனாவை அவன் எப்படித் தள்ளுவான்? எனக்கு அந்த மாசச் சம்பளமும் ஒரு வேலை நீக்கக் கடிதமும் கிடைத்தன. ‘வேலையில் கவனக்குறைவு.’

கவனக்குறைவு. எனக்கு.

என் தாத்தா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் ஒரு காலத்தில் ரயில்வே என்றாலே நம் ஆட்கள்தாம். அவர் கையில் நீளக் காம்பு போட்ட சுத்தியல் ஒன்று இருக்கும். நிற்கிற பெட்டிகளின் ஓரமாக நடந்துகொண்டே ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிக் காது கொடுப்பார். நல்ல சக்கரம் மணி மாதிரி பாடும், விரிசல் விட்டது ஊமையாகச் சத்தம் போடும் என்பார். ஊமைச் சத்தம் கேட்டால் அந்தப் பெட்டியைக் கழற்றி ஓரம் கட்டுவார்கள். துரைக்குக் கோபம் வரும், வண்டி தாமதமாகும், ஆனாலும் கழற்றித்தான் ஆக வேண்டும். ஒரு தமிழ்க் கூலியின் காதுக்கு அந்த அதிகாரம் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில்.

நானும் சுத்தியலால்தான் நட்டைத் தட்டுகிறேன். இறுக்கமான நட்டின் சத்தம் வேறு, தளர்ந்ததின் சத்தம் வேறு. ஸ்டட்டிலிருந்து வட்டின்மேல் துருக் கோடு வழிந்திருந்தால் அந்த நட் பல நாளாக ஆடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பழைய ஜப்பான் லோரியில் இடது பக்கச் சக்கரத்துக்கு இடது மரை. அது தெரியாத கத்துக்குட்டி ஏர் கன்னைத் தப்பான பக்கம் பிடித்து ஸ்டட்டை முறித்துவிடுவான். பின் இரட்டைச் சக்கரத்தில் உள் நட்டுக்கு மேல் வெளி நட். உள்ளே இருப்பது இறுக்கமா என்று பார்க்க வேண்டுமானால் வெளியே இருப்பதைத் தளர்த்த வேண்டும். அதற்கு நேரம் ஆகும். நேரம் கேட்டால் முறைப்பு. சக்கரம் கழற்றி மாட்டினால் 50, 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி நட்டை இறுக்க வேண்டும் என்பது பாலபாடம். திரும்பி வருகிற லோரி எத்தனை? அந்த நேரத்தில் அது கல் இறக்கிவிட்டு அடுத்த டிரிப்புக்கு வரிசையில் நிற்கும். டிரைவருக்கு டிரிப் கணக்கில் காசு. நட் இறுக்க நின்றால் அவன் பையில்தான் ஓட்டை விழும்.

கழன்ற சக்கரம் என்ன செய்யும் என்று கேட்கிறீர்களா? 2024 டிசம்பர் 23ஆம் தேதி இரவு, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஆயர் குரோ பக்கம் 204ஆவது கிலோமீட்டரில் ஒரு லோரியின் சக்கரம் கழன்று ரோட்டில் கிடந்தது. சுற்றுலாப் பேருந்து ஒன்று அதில் மோதி, எதிர்த் தடத்துக்குப் பாய்ந்தது. ஏழு பேர் செத்தார்கள். பள்ளி விடுமுறைக் காலம். அவர்கள் யாரும் அந்த லோரியைப் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள்.

அடுத்து தெலுக் இந்தான். 2025 மே 13. இதைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது. அங்கே தண்டாயுதபாணிக்குச் சித்ரா பௌர்ணமித் திருவிழா. நம் சாமி ஊர்வலத்துக்குக் காவல் நின்றுவிட்டு ஈப்போ முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கலகத் தடுப்புப் போலீஸ்காரர்கள். காலை நேரம். எதிரே கல் ஏற்றி வந்த லோரி அவர்கள் வண்டிமேல் பாய்ந்தது. ஒன்பது பேர். அந்த வாரம் முழுக்கப் பத்திரிகைகளில் அவர்கள் படங்கள். சில நாளில் டிரைவரை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். நான் குற்றவாளி இல்லை என்றான். பிறகு போக்குவரத்து அமைச்சின் சிறப்புக் குழு விசாரித்துச் சொன்னது என்ன? லோரியின் ஸ்டியரிங் வேலை செய்யாமல் போய்விட்டது. ஏற்றியிருந்த பாரம் அனுமதித்ததைவிட 70 விழுக்காட்டுக்கும் மேல்.

அந்த டிரைவர் உத்தமன் என்று நான் வாதாட வரவில்லை. அது நீதிபதி பாடு. என் கேள்வி வேறு. அந்த ஸ்டியரிங் அன்று காலையிலா கெட்டது? நான் சொல்கிறேன், கிங்பின் ஒரு நாளில் தேயாது. குண்டும் குழியும் ஒரு ராத்திரியில் தளராது. மாதக்கணக்கில் அந்த வண்டி சொல்லிக்கொண்டே இருந்திருக்கும். இழுத்திருக்கும், நடுங்கியிருக்கும், முன் டயரின் ஓரத்தை ரம்பம் மாதிரி தின்றிருக்கும். டயர்மேல் உள்ளங்கையை வைத்துக் குறுக்கே தடவினால் போதும், ஒரு பக்கம் வழவழவென்றும் மறுபக்கம் கீறுவது போலவும் இருக்கும். எங்கோ ஒரு பட்டறையில் என்னைப்போல ஒருவன் தடவியிருப்பான். அவன் சொன்னதை யார் கேட்டார்கள்?

வேக வரம்புக் கருவி கட்டாயம் என்று 2025 அக்டோபர் முதல் படிப்படியாகக் கொண்டு வந்தார்கள். நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கழன்ற டிராக் லிங்க்கை எந்தக் கருவி பிடித்து வைக்கும்? நாற்பது டன் வண்டி அறுபதில் போனால் மெதுவாகப் போகிறது என்று அர்த்தமா?

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நாளைக்கு 300 கிலோமீட்டர் ஓடுகிற லோரி அந்த ஆறு மாதத்தில் 45,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிடும். சோதனை நாளில் மட்டும் நல்ல டயரை வாடகைக்கு எடுத்து மாட்டி, முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் மேல்தோல் ஒட்டிய பழைய செலுப் டயரையே மாட்டிக்கொண்டு போகிற வித்தை இந்தத் தொழிலில் பழையது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கிங்பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் மைலோ டின்னை வெட்டித் தகடு சொருகி அனுப்பிய வண்டிகளை நான் பிரித்திருக்கிறேன். பச்சைப் பெயிண்ட்கூடப் போகாமல் உள்ளே இருந்தது. நிறுவனங்களில் பாதுகாப்புத் தணிக்கைக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே ஆட்கள் வருகிறார்கள், கோப்பைப் பார்க்கிறார்கள். கோப்பு சுத்தமாக இருக்கும். என் மஞ்சள் தாள் எந்தக் கோப்பில் இருக்கிறது?

கிங்பின் செட் ஒன்றின் விலை ஒரு புது லோரி டயரின் விலைகூட வராது. பழையதைத் தட்டிக் கழற்றுவதுதான் பாடு. துருப்பிடித்து இறுகியிருந்தால் அரை நாள் சம்மட்டி போட வேண்டும். புது புஷ் அடித்து, ரீமர் விட்டு, ஷிம் வைத்து, இரண்டு பக்கமும் முடிக்க ஒன்றரை நாள், அதிகம் போனால் இரண்டு நாள். அந்த இரண்டு நாள் வாடகைதான் முதலாளிக்குக் கண்ணில் தெரிந்தது. அதற்கு ஒரு கால்.

கிள்ளான் துறைமுகம் 2023இல் மட்டும் 1 கோடியே 40 லட்சம் கொள்கலன் அலகுகளைக் கையாண்டது. அமைச்சர்கள் பெருமையோடு சொல்லும் கணக்கு. புலாவ் இண்டாவிலிருந்து வெளியே வரும் ரோட்டில் ஒரு சாயங்காலம் நின்று பாருங்கள், அந்தக் கணக்கு உங்கள் முன்னால் உருண்டு போகும். அதில் எத்தனை வண்டியின் முன் சக்கரம் மேலே சாய்ந்து அடியில் விரிந்து நிற்கிறது என்று எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரியும். பார்க்காமல் இருக்க முடியவில்லை. இப்போதெல்லாம் நான் அந்தப் பக்கம் போவதைத் தவிர்க்கிறேன்.

செத்தால் டிரைவர் சாகிறான். பிழைத்தால் டிரைவர் ஜெயிலுக்குப் போகிறான். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41ஆம் பிரிவைப் பாருங்கள். ஆபத்தாக ஓட்டி மரணம் விளைவித்தால் ஐந்து வருடத்துக்குக் குறையாமல் பத்து வருடம் வரைக்கும் சிறை, 20,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம். 2020இல்தான் இந்த அளவுக்குக் கடுமையாக்கினார்கள். கண்மண் தெரியாமல் ஓட்டுகிறவனுக்கு அது தேவைதான். ஸ்டியரிங் கையில் சுற்றுகிறவனுக்கு? பொய்ச் சான்று வைத்து வண்டியை விட்டவருக்கு என்ன? பெர்மிட்டைப் பிடுங்குவார்கள். வேறு பேரில் வேறு பெர்மிட் வரும். லோரியின் நெற்றியில் எழுதியிருக்கிற பேர்தான் மாறும்.

கனடாவில் ஓன்டாரியோ என்று ஒரு மாநிலம் இருக்கிறது, நம் தமிழர்கள் கூட்டமாக வாழ்கிற இடம். 1995இல் லோரியிலிருந்து கழன்ற சக்கரங்கள் பறந்து வந்து காரில் போனவர்களைக் கொன்றன. ஊரே கொதித்தது. 1997இல் ஒரு சட்டம் போட்டார்கள். சக்கரம் கழன்றால் லோரியை இயக்குகிறவர் குற்றவாளி. நான் கவனமாகத்தான் பார்த்துக்கொண்டேன், பொமன்தான் சரியாக இறுக்கவில்லை என்று தப்பிக்க வழி கிடையாது. அபராதம் 50,000 டாலர் வரை. லோரிக்காரர்கள் வழக்குக்குப் போனார்கள், சட்டம் நின்றது. பணம் போகும் என்றதும் முதலாளிகளுக்கு நட்டின் சத்தம் கேட்கத் தொடங்கியது. அங்கே இருப்பதும் அதே இரும்பு, அதே ஸ்டட். இங்கே மட்டும் ஏன் அது கடைசியாகத் தொட்டவன் பெயரைச் சொல்ல வேண்டும்?

1941இல் இதே கிள்ளான் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு இன்னொன்றும் கேட்டார்கள். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க மாட்டோம் என்றார்கள். முன்னால் நின்ற ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். ராணுவம் வந்தது, சுட்டது, தொழிலாளர்கள் செத்தார்கள். தோட்டத்தில் பிறந்த என் அப்பா எனக்குச் சொன்ன முதல் கதை அது. அந்த முதலாளியின் அப்பாவும் அதே மாதிரித் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்தான். இப்போது இந்த முதலாளி கோயில் விழாவில் முன்வரிசையில் மாலை போட்டு உட்கார்ந்திருக்கிறார். அன்னதானச் சீட்டில் அவர் பெயர். விபத்துக்கு மறுவாரம் லோரிகளையெல்லாம் வரிசையாக நிறுத்திப் பூசணிக்காய் உடைத்தார், எலுமிச்சம் பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கினார். எலுமிச்சம் பழத்துக்குக் குனிந்த நேரத்தில் கிங்பின்னை ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம்.

பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையை ஒட்டி, பூக்கடைகளுக்கு மேல் மாடியில் ஒரு வழக்கறிஞரிடம் போனேன். தங்கமான மனுசி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அண்ணா, எழுத்துல இருக்கா?” என்றார். இருந்தது என்றேன். “இப்ப இருக்கா?” என்றார். வாட்ஸ்அப்பில் ஒரு வரி? போனில் ஒரு படம்? எனக்கு அந்தப் பழக்கமில்லை. என் காலத்தில் வாயால் சொன்னால் சொன்னதுதான். நல்லவேளை, வேலை நீக்கத்துக்கு எதிராக 60 நாளுக்குள் மனு கொடுக்கலாம் என்றார். 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டம், 20ஆம் பிரிவு. மனுவைக் கொடுத்துவிட்டேன். அதில் வேலை கிடைக்கலாம், காசு கிடைக்கலாம். தாளை மாற்றியவரை அது தொடாது.

அந்தப் பையனைப் போய்ப் பார்த்தேன். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கு மனுப் போட்டிருக்கிறார்களாம், சம்பளச் சீட்டு கேட்கிறார்களாம். டிரிப் காசுக்கு எங்கே சீட்டு? அடிப்படைச் சம்பளம் ஒரு கையளவு, மிச்சமெல்லாம் உறையில் போட்டுக் கொடுத்ததுதான். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் அம்மாதான் பார்த்தார். “நீங்கதானே தம்பி வண்டிய செஞ்சது?” என்று கேட்டார். திட்டவில்லை. கேட்டார், அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு நான் கிங்பின்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன், புஷ், குண்டு, குழி என்று. பாதியில் பையன் தலையைக் குனிந்துகொண்டே, “அண்ணன் சொன்னாருமா. நானே கைல புடிச்சிப் பாத்தேன். ஆடுச்சு” என்றான்.

அதை அதிகாரிக்கு முன்னால் சொல்வாயா என்று நான் கேட்கவில்லை. அவன் கால் ஆறட்டும்.

கேட்க வேண்டியவர்கள் வேறு இருக்கிறார்கள். போக்குவரத்து அமைச்சரே, ஜேபிஜே அதிகாரிகளே, ஓடும் லோரிகளைப் பிடித்து சம்மன் எழுதுகிறீர்கள், எழுதுங்கள். அதோடு ஒரு வேலை செய்யுங்கள். கீழ் பார்க்கிற பொமன் ‘ஓடக்கூடாது’ என்று எழுதினால், அந்தத் தாளின் ஒரு பிரதி அந்த நிமிடமே உங்களிடம் வர வழி செய்யுங்கள். எங்கள் ஆட்கள் கையில் போன் இருக்கிறது, ஆடுகிற சக்கரத்தைப் படம் பிடிக்க அவர்களுக்குத் தெரியும். அதன் பிறகும் அந்த வண்டி ஓடினால் ஓட்டச் சொன்னவர் பெயரை முதலில் எழுதுங்கள்.

முதலாளி, உங்களுக்கும் ஒன்று. கிழித்துப் போட்ட தாளில் எழுதியிருந்த மூன்று வரியும் எனக்கு மனப்பாடம். அந்த வரிசையில் உங்களுக்கு இன்னும் இரண்டு லோரி நிற்கிறது, ஒரே வருடத்து வண்டிகள், ஒரே மாதிரி முன் ஆக்சில். நீல முகப்பு வண்டிக்கு வலது கிங்பின் போய்விட்டது. போன வருடமே சொன்னேன். அதற்கும் கிரீஸ் அடித்துத்தான் அனுப்பினீர்கள். அது இன்றைக்குக் காலையில் காப்பார் சாலையில் லோடோடு போனதைப் பார்த்தேன். ஓட்டுகிற பையன் புதிது.